டிவியில் கமரா படம் வரவில்லையா? அறிகுறிப்படி சரிபார்க்கும் முறை

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கமரா பூட்டிக் கொடுப்பது என் தொழில். பூட்டும் வேலையைவிட பூட்டிய பிறகு வரும் போன்கள்தான் அதிகம். "தம்பி, கமரா செத்துப்போச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் கமரா நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும், டிவியில் மட்டும் படம் இருக்காது. லீக்ஸ் பாத்தியில் பன்றி இறங்குகிறதா, கேட்டுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று குசினியில் வேலை செய்தபடியே பார்க்க டிவிதான் வசதி. அதனால் டிவியில் படம் நின்றால் வீடே கமரா பழுது என்று முடிவு கட்டிவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை, செலவில்லாத காரணத்தில் தொடங்கி செலவு வைக்கும் காரணம் வரை கீழே எழுதியிருக்கிறேன்.

## எதையும் கழற்றும் முன்

உங்கள் வீட்டில் படம் எந்த வழியாக டிவிக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வழிதான் உண்டு. டிவிஆர் பெட்டியில் (கமராப் படங்களைச் சேர்த்துப் பதிவு செய்யும் பெட்டி) இருந்து எச்டிஎம்ஐ வயர் நேராக டிவிக்குப் போவது ஒன்று. அண்ட்ரொய்ட் டிவியிலோ டிவி பொக்ஸிலோ விஎல்சி, டைனிகேம் போன்ற செயலியைப் போட்டு வைபை வழியாகக் கமராவை நேரே இழுப்பது இரண்டாவது. போனில் தெரியும் படத்தை டிவிக்குத் தள்ளிவிடும் காஸ்ட் முறை மூன்றாவது.

அடுத்து, போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வீட்டு வைபையில் மட்டும் கமரா செயலியைத் திறந்து பாருங்கள். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் போன் எந்த வழியாகவாவது படத்தைக் கொண்டுவந்து உங்களை ஏமாற்றிவிடும். போனில் படம் வந்தால் கமராவும் அதன் கரண்ட்டும் சரி. ஏணியை எடுக்காதீர்கள், பிழை டிவி பக்கம்தான். போனிலும் வரவில்லை என்றால் கமராவின் அடாப்டர், வயர், ரவுட்டர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். அப்படியானால் கீழே "இரவானால் மட்டும் கோளாறு", "இடி முழங்கிய பிறகு" என்ற இரண்டு பகுதிகளுக்கு நேராகப் போங்கள்.

## "நோ சிக்னல்" என்று காட்டுகிறது (டிவிஆர், எச்டிஎம்ஐ வயர்)

டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, வயர் குத்தியிருக்கும் எச்டிஎம்ஐ எண்ணையே தெரிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெரும்பாலும் இதுதான். அது சரியென்றால் வயரின் இரு முனையையும் கழற்றி மீண்டும் இறுக்கிக் குத்துங்கள். டிவியில் வேறு எச்டிஎம்ஐ துளையில் போட்டுப் பாருங்கள். அப்புறம் வேறு வயர். டிஷ் பெட்டிக்குப் போகும் வயரையே கழற்றிச் சோதிக்கலாம், புதிதாக வாங்கத் தேவையில்லை.

டிவிஆரில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அதன் அடாப்டர் போயிருக்கலாம். அதே வோல்ட், அதே அளவோ கூடிய அளவோ அம்பியர், அதே மாதிரி முனை உள்ள அடாப்டரை மட்டும் மாற்றுங்கள். விளக்கு எரிகிறது, உள்ளே டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்கிறது, ஆனால் படம் இல்லை என்றால் டிவிஆர் அனுப்பும் ரெசொலூஷன் உங்கள் டிவிக்கு ஒத்துவராமல் இருக்கலாம். டிவியை மாற்றிய பிறகு, அல்லது யாராவது மெனுவில் விளையாடி 4கே என்று வைத்த பிறகு இது வரும். டிவிஆரை விஜிஏ வயரால் ஒரு கம்ப்யூட்டர் மொனிட்டரில் போட்டு, டிஸ்ப்ளே மெனுவில் 1080 ஆகக் குறையுங்கள். பழைய டிவியென்றால் 720 போதும்.

விஜிஏயில் நல்ல படம், எச்டிஎம்ஐயில் எந்த டிவியிலும் ஒன்றுமில்லை என்றால் டிவிஆரின் அந்தத் துளை போய்விட்டது. போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய விஷயம். செலவு பிடிக்காவிட்டால், விஜிஏ துளை உள்ள டிவியில் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டிவிஆர் ஒரு அறையிலும் டிவி வேறு அறையிலும் என்று நீளமாக வயர் இழுத்தவர்களுக்கு ஒன்று. சாதாரண எச்டிஎம்ஐ வயர் 10 மீற்றர் தாண்டினால் நம்ப முடியாது. படம் வந்து வந்து போகும், புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். நெட்வொர்க் வயரில் போகும் எச்டிஎம்ஐ எக்ஸ்டென்டர் ஒரு சோடி வாங்குவதே வழி.

## கரண்ட் போய் வந்தது, போனில் படம் உண்டு, டிவியில் மட்டும் இல்லை

மழைக்காலத்தில் எனக்கு வரும் போன்களில் இதற்குத்தான் முதலிடம். லைனில் மரம் விழும், கரண்ட் போகும், இரவில் வரும். காலையில் டிவியைப் போட்டால் "இணைக்க முடியவில்லை".

கரண்ட் வந்தவுடன் கமரா, ரவுட்டர், டிவி பொக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். ரவுட்டர் முழுதாக எழும்ப முன் கமரா வைபையைத் தேடிக் களைத்துப்போய் நிற்கும். ஐந்து நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். இல்லையென்றால் ரவுட்டரை முதலில் போட்டு, அது நிலைத்த பிறகு கமராவின் ப்ளக்கைக் கழற்றிப் போடுங்கள். டிவி பொக்ஸ் கடைசி.

அதற்கும் வரவில்லை என்றால் கமராவின் ஐபி முகவரி மாறியிருக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் வீட்டிலுள்ள கருவிகளுக்கு இலக்கம் பிரித்துக் கொடுக்கிறது. நேற்று 192.168.1.5 ஆக இருந்த கமரா இன்று 192.168.1.8 ஆக இருக்கும். போன் செயலி கமராவின் தொடர் இலக்கத்தை வைத்துத் தேடுவதால் அதற்குக் கவலையில்லை. டிவியிலுள்ள செயலி பழைய இலக்கத்தையே தட்டிக்கொண்டிருக்கும்.

பார்க்கும் விதம் இப்படி. போனில் கமரா செயலியைத் திறந்து, கமராவின் விபரப் பகுதியில் ஐபி முகவரியைப் பாருங்கள். டிவி செயலியில் பதிந்திருக்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் டிவியில் புதியதைப் பதிந்தால் படம் வந்துவிடும். ஆனால் அடுத்த மின்வெட்டோடு மறுபடியும் போகும். நிரந்தரமாகத் தீர்க்க ரவுட்டரின் மெனுவுக்குள் போய், டிஎச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும் இடத்தில் கமராவைத் தெரிவு செய்து அந்த இலக்கத்தைப் பூட்டிவிடுங்கள். ரவுட்டரின் முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதன் அடியில் ஒட்டியிருக்கும். சில 4ஜி ரவுட்டர்களில் இந்த வசதி இருக்காது. அப்போது கமராவின் நெட்வொர்க் பகுதியிலேயே நிலையான ஐபி வைக்கலாம்.

ரவுட்டரையே மாற்றிய வீடுகளில் வேறு சிக்கல், அங்கே வைபையில் போனிலும் படம் வராது. வைபை பெயர் மாறியதால் கமரா எதையும் கண்டுகொள்ளாது. கமராவை ரீசெட் பண்ணி மறுபடி சேர்ப்பார்கள், அதற்குக் கூரை வரை ஏற வேண்டும். அதற்குப் பதிலாக, புது ரவுட்டருக்குப் பழைய வைபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து மாறாமல் கொடுத்துவிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட அப்படியே இருக்க வேண்டும். கமரா தானாக வந்து சேரும்.

முகவரி சரி, இன்னும் வரவில்லையா? ஆர்டிஎஸ்பி முகவரியை, அதாவது கமராவின் படத்தை நேரே இழுக்க டிவி செயலியில் பதியும் முழு முகவரியை, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். போர்ட் எண் வழக்கமாக 554. ஹிக்விஷன் கமராவில் முகவரியின் கடைசியில் 101 என்றால் பெரிய படம், 102 என்றால் சிறிய படம். டாப்போ கமராவில் ஸ்ட்ரீம்1, ஸ்ட்ரீம்2 என்று வரும். டாப்போவுக்கு நீங்கள் செயலியில் நுழையும் ஈமெயிலும் பாஸ்வேர்டும் இங்கே செல்லாது, அட்வான்ஸ்ட் பகுதியில் கமரா அக்கவுண்ட் என்று தனியாக உருவாக்க வேண்டும். பாஸ்வேர்டில் அட் குறியோ, முக்காற்புள்ளியோ, சாய்கோடோ இருந்தால் முகவரி குழம்பிவிடும். எழுத்தும் இலக்கமும் மட்டும் கலந்த நீண்ட பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளுங்கள். பட்டரியில் ஓடும் டாப்போ கமராக்களுக்கு ஆர்டிஎஸ்பி கிடையாது. மற்றக் கம்பனிகளின் பட்டரிக் கமராக்களிலும் பெரும்பாலும் அப்படித்தான், அதில் மினக்கெட வேண்டாம்.

செலவு செய்ய மனமிருந்தால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் ஊரெல்லாம் வாங்கிய அதே சின்னப் பெட்டிதான். ரவுட்டர் அணையாவிட்டால் இலக்கமும் மாறாது. வாங்கும்போது ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

## போனில் காஸ்ட் அழுத்தினால் டிவியின் பெயர் வரவில்லை

போனும் டிவியும் ஒரே வைபையில் இருக்கிறதா? ரவுட்டர் 2.4, 5 கிகாஹெட்ஸ் என்று இரண்டு வைபைப் பெயர் காட்டினால் போன், டிவி இரண்டையும் ஒரே பெயரில் போட்டுப் பாருங்கள். விருந்தாளி வைபையில், அதாவது கெஸ்ட் நெட்வொர்க்கில், போன் இருந்தால் டிவி கண்ணில் படவே படாது. அந்த நெட்வொர்க்கின் வேலையே கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாமல் பிரித்து வைப்பதுதான். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரவுட்டர், டிவி இரண்டையும் அணைத்துப் போடுங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, ப்ளக்கைக் கழற்ற வேண்டும்.

கமரா செயலியிலேயே காஸ்ட் இல்லாவிட்டால் போனின் முழுத் திரையையும் அனுப்பும் ஸ்கிரீன் மிரரிங் இருக்கிறது, சாம்சுங்கில் ஸ்மார்ட் வியூ. ஆனால் போனில் அழைப்பு வந்தால் அதுவும் டிவியில் தெரியும். நாள் முழுக்க பார்க்க இது சரிவராது. எப்போதும் பார்ப்பவர்கள் டிவி பொக்ஸில் செயலி போட்டுக்கொள்வதுதான் நிம்மதி.

## படம் நின்று நின்று வருகிறது, வட்டம் சுற்றுகிறது

டிவி செயலியில் மெயின் ஸ்ட்ரீம் எனும் பெரிய படத்துக்குப் பதிலாக சப் ஸ்ட்ரீம் எனும் சிறிய படத்தைப் போடுங்கள். நான்கு கமராவை ஒரே திரையில் சின்னச் சின்னக் கட்டமாகப் பார்ப்பவர்களுக்குப் பெரிய படம் தேவையே இல்லை. பல இடங்களில் இதோடு வேலை முடிந்துவிடும்.

படம் பச்சையாக, சாம்பலாக இழுபட்டு வழிந்தால் செயலியில் ஆர்டிஎஸ்பி படத்தை அனுப்பும் முறையை யூடிபியில் இருந்து டிசிபிக்கு மாற்றுங்கள்.

இன்னும் நிற்கிறதா, வைபை பலம் போதவில்லை. எங்கள் பக்கத்தில் சுவர்கள் இரண்டு விதம். பழைய பங்களாக்களில் கருங்கல் சுவர், லயங்களில் தகரக் கூரையும் தகரத் தடுப்பும். இரண்டும் வைபைக்குப் பகை. கமராவைக் கழற்றி ரவுட்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே படம் தடையின்றி ஓடினால் கமராவில் குற்றமில்லை. ரவுட்டரை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்து, கமரா பக்கம் பார்த்த யன்னலோரம் வையுங்கள். பெரும்பாலான வீட்டுக் கமராக்கள் 2.4 கிகாஹெட்ஸில் மட்டுமே ஓடும், அதனால் டிவியை 5க்கு மாற்றிவிட்டால் நெரிசல் குறையும். டிவி பொக்ஸை நெட்வொர்க் வயரால் ரவுட்டரில் கொடுத்தால் இன்னும் நல்லது. அதற்கும் சரிவராவிட்டால் வைபை எக்ஸ்டென்டர், கடைசியாகக் கமராவுக்கே வயர் இழுப்பது.

டேட்டா பற்றி ஒரு வார்த்தை. ஒரே வீட்டுக்குள் ஆர்டிஎஸ்பியில் பார்த்தால் இன்டர்நெட் டேட்டா செலவாகாது. கம்பனியின் கிளவுட் வழியாக வந்தால் செலவாகும். 2 எம்பிபிஎஸ் படம் மணிக்கு ஏறத்தாழ 0.9 ஜிபி தின்னும், நாள் முழுக்க விட்டால் 21 ஜிபிக்கு மேல். மாதத் தொடக்கத்தில் நன்றாக ஓடி, மாதக் கடைசியில் மட்டும் வட்டம் சுற்றினால் உங்கள் பக்கேஜ் முடிந்து வேகம் குறைந்திருக்கிறது. கமராவைத் திட்டாதீர்கள்.

## சத்தம் கேட்கிறது, படம் கறுப்பு

கமரா படத்தை எச்.265 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது, டிவியோ பழைய பொக்ஸோ அதைப் படிக்கத் தெரியாமல் நிற்கிறது. கமராவின் வீடியோ செட்டிங்கில் எச்.264 என்று மாற்றுங்கள். பதிவு இடம் குறையக் கூடாதென்றால் மெயின் ஸ்ட்ரீமை அப்படியே விட்டு சப் ஸ்ட்ரீமை மட்டும் மாற்றி, டிவியில் அதைப் போடலாம். கமராவில் மாற்ற வழியில்லை என்றால் புது டிவி பொக்ஸ்தான்.

## படம் வருகிறது, ஆனால் பிந்தி வருகிறது

கேட்டைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் டிவியில் ஆள் கேட்டைத் திறக்கிறார். காஸ்ட் முறையிலும் கிளவுட் வழியிலும் இந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும், குறைக்க முடியாது. ஆர்டிஎஸ்பியில் விஎல்சி என்றால் நெட்வொர்க் கேஷை (காட்டும் முன் படத்தைச் சேர்த்துவைக்கும் நேரம்) 300 மில்லி செக்கன் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் படம் விக்கும். ஒரு செக்கன் தாமதம்கூட இருக்கக் கூடாதென்றால் டிவிஆரும் எச்டிஎம்ஐ வயரும்தான் வழி.

## இரவானால் மட்டும் கோளாறு

பகலில் நல்ல படம், இருட்டியதும் கமரா அணைந்து அணைந்து எழும்புகிறது. இருட்டில் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அப்போது அது கூடுதல் கரண்ட் இழுக்கும். தளர்ந்த அடாப்டரும் மெல்லிய நீள வயரும் அதைத் தாங்காது. பகலிலேயே சோதிக்கலாம். கமரா முகப்பில் உள்ள ஒளி உணரியைக் கையால் முழுதாக மூடுங்கள். விளக்குகள் மங்கலாகச் சிவந்து எரியும். படம் அந்த நேரமே போனால் காரணம் கரண்ட்தான். மல்டிமீட்டர் இருந்தால் கமரா முனையில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் கமராவுக்கு 11க்குக் கீழே இறங்கினால் அடாப்டரை மாற்றுங்கள், அல்லது கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். நான்கு கமராவுக்குச் சேர்த்து 5 அம்பியர் அடாப்டர் போடுவது வழக்கம். 2 அம்பியரில் நான்கையும் தொங்கவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

மாலை 6.30இல் இருந்து 10.30 வரை, ஊரெல்லாம் கரண்ட் பாவிக்கும் உச்ச நேரத்தில் மட்டும் வந்து, பல்ப் மங்குவதும் சேர்ந்து தெரிந்தால் லைனில் வோல்ட்டேஜ் குறைகிறது. லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் இது சகஜம். மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் போன் பண்ணிச் சொல்லுங்கள், நீங்கள் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை.

திரை முழுக்க வெள்ளை. நானுஓயா, அக்கரப்பத்தனைப் பக்கம் யாரும் இதைக் கேட்காத மாதமில்லை. பனிமூட்டத்தில் அகச்சிவப்பு வெளிச்சம் மோதி அப்படியே திரும்பி வருகிறது. அது பழுதல்ல. கமராவின் அகச்சிவப்பை அணைத்துவிட்டு, கமராவில் இருந்து சில அடி தள்ளி, பக்கவாட்டில் ஒரு சாதாரண எல்ஈடி பல்ப் போடுங்கள். பனி இல்லாத இரவிலும் வெள்ளையாக இருந்தால் கண்ணாடியில் சிலந்தி வலையா, ஈரமா என்று பாருங்கள். கூரை விளிம்புக்கு மிகக் கிட்டப் பூட்டியிருந்தால் தகரமும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கமராவைச் சற்று கீழே சாய்க்க வேண்டும். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்துளி நின்றால் ரப்பர் வளையம் போய்விட்டது. வெயிலில் காயவைத்துச் சிலிக்கன் பூசி ஓட்டலாம், அடுத்த மழை வரை.

## சில்லறைத் தொல்லைகள்

திகதியும் நேரமும் திரை ஓரத்தில் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் சைஸில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் போடுங்கள்.

பல்ப் வெளிச்சத்தில் படம் துடித்தால் கமராவில் 60 ஹெட்ஸ் இருப்பதை 50 ஆக்குங்கள்.

நேரம் அரை மணி முன்னே ஓடினால் கமராவின் நேர வலயம் +6 இல் இருக்கிறது. இலங்கை 2006 ஏப்ரலில் +5.30க்கு மாறிவிட்டது, சில கருவிகளுக்கு இன்னும் செய்தி போகவில்லை போலும். பொலிஸுக்குப் பதிவு கொடுக்க நேர்ந்தால் இந்த அரை மணி உங்களையே கேள்வி கேட்க வைக்கும், அதனால் இன்றே திருத்துங்கள். கரண்ட் போகும்போதெல்லாம் டிவிஆரின் நேரம் பழைய ஆண்டுக்குப் போனால் உள்ளேயுள்ள வட்ட பட்டரி தீர்ந்துவிட்டது.

படத்தில் குறுக்குப் பட்டை மேலும் கீழும் ஓடினால் அந்தக் கமராவை மட்டும் வேறு அடாப்டரில் கொடுத்துப் பாருங்கள். நின்றால் அதுவே மருந்து. நிற்காவிட்டால் பிஎன்சி முனையை, அதாவது கமரா வயரை டிவிஆரில் பூட்டும் முனையை, கழற்றுங்கள். பச்சைப் பாசிபோலத் துரு பிடித்திருந்தால் வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும்.

## இடி முழங்கிய பிறகு எதுவுமே இல்லை

மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் பின்னேரம் இடி வரும் காலத்தில்தான் இந்தப் போன்கள். ஒரு கமரா மட்டும் போனால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது தன் உயிரைக் கொடுத்துக் கமராவைக் காப்பாற்றியிருக்கும். எல்லாக் கமராவும் போய், டிவிஆர் எழும்பினாலும் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வெளி வயர் வழியாக மின்னழுத்தம் உள்ளே வந்திருக்கிறது. டிவியின் எச்டிஎம்ஐ துளையும் சேர்ந்து போயிருக்கலாம், அதனால் வேறு டிவியில் மாட்டிச் சோதிக்க அவசரப்படாதீர்கள்.

கருகிய மணம், உருகிய ப்ளக், தொட்டால் கூசும் டிவிஆர் உறை, தட்டிவிட்டால் மறுபடி விழும் ட்ரிப் சுவிட்ச் — இதில் எது இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். முதலில் வயரிங் பாஸை அழைத்து எர்த் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள், கமராக்காரர் அடுத்து வரட்டும். எர்த் இல்லாத வீட்டில் புது டிவிஆர் பூட்டினால் அடுத்த இடியில் அதுவும் போகும். இடி தொடங்கும் முன் டிவிஆரின் ப்ளக், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ, ரவுட்டருக்கு வரும் வயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. முழங்கத் தொடங்கிய பிறகு வயர்ப் பக்கமே போகாதீர்கள்.

வேலை முடிந்து கமராக்காரர் கிளம்பும் முன் அவரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்ட், ஒவ்வொரு கமராவின் ஐபி முகவரி, ரவுட்டரின் பாஸ்வேர்ட். "வெளியிலிருந்து பார்க்க வசதியாக" என்று ரவுட்டரில் 554 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் மூடச் சொல்லுங்கள், கம்பனிச் செயலியே அந்த வேலையைச் செய்யும். எழுதிய தாளை டிவிக்குப் பின்னால் ஒட்டாமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.